மனைக்குள் மின்கம்பம், தலைக்கு மேலே லைன்: அத்துமீறல் வழக்கு நிற்குமா?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். 2016ல் 40க்கு 60 மனை ஒன்று வாங்கினீர்கள். வேலைக்காக வெளியூர் போய்விட்டு இப்போது வீடு கட்டலாம் என்று வந்து பார்த்தால் மனையின் மூலையில் ஒரு கம்பம் நிற்கிறது, 11 கிலோவோல்ட் கம்பிகள் மூன்றும் மனைக்குக் குறுக்கே போகின்றன, போதாததற்கு கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியும் உள்ளே இறங்கியிருக்கிறது. 2023ல் போட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். உங்களிடம் யாரும் கேட்கவில்லை. பிரிவு அலுவலகத்தில் போய்க் கேட்டால், மாற்றித் தருகிறோம், எஸ்டிமேட் தொகையைக் கட்டுங்கள் என்கிறார்கள். "என் இடத்தில் கேட்காமல் வைத்தது அத்துமீறல்தானே, அதை எடுக்க நான் ஏன் பணம் கட்ட வேண்டும், கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்குமா?" இதுதான் கேள்வி. ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வைத்தது சட்டப்படியா, எடுக்க வைக்க முடியுமா, செலவும் நஷ்டஈடும் யார் பொறுப்பு. முதலாவதில் நீங்கள் ஜெயித்தாலும் மற்ற இரண்டும் தானாக வந்துவிடாது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. மின் விநியோகத்தில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி வழக்குகளில் லைன் போட்ட தரப்பின் சாட்சியாக முன்சீப் கோர்ட்டில் பலமுறை நின்றிருக்கிறேன். கோப்பில் என்ன இருக்க வேண்டும், எது இல்லாவிட்டால் எங்கள் பக்கம் தடுமாறும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். வழக்கை எந்தக் கோர்ட்டில் எந்த வடிவத்தில் போடுவது என்பதை உங்கள் ஊர் சிவில் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதியை முதலில் சொல்கிறேன். மின்சாரச் சட்டம் 2003ன் 67வது பிரிவு, லைன் போடவும் கம்பம் நடவும் உரிமதாரருக்கு, அதாவது மின்சாரம் கொடுக்க உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு, அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் தனியார் நிலத்துக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பதை 2006ல் வந்த உரிமதாரர் பணிகள் விதிகள் சொல்கின்றன. அதில் 3வது விதிதான் உங்கள் வழக்குக்கு உயிர். ஒரு நிலத்தின் மேலோ கீழோ புதிதாக லைன் கொண்டுபோக வேண்டுமானால் அதன் உரிமையாளர் அல்லது அனுபவத்தில் இருப்பவரின் முன் ஒப்புதல் வேண்டும். அவர் ஆட்சேபித்தால் மாவட்ட ஆட்சியரிடமோ, போலீஸ் கமிஷனரிடமோ, மாநில அரசு இதற்கென்று அதிகாரம் கொடுத்த அலுவலரிடமோ எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஒப்புதல், இல்லையென்றால் எழுத்து மூலமான அனுமதி. இந்த விதியில் மூன்றாவது வழி கிடையாது. பழைய 1910ஆம் வருடச் சட்டத்தின் 12வது பிரிவிலும் ஒப்புதல் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது, ஆகவே "அந்தக் காலத்தில் கேட்க வேண்டிய அவசியமே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. அதே சட்டத்தின் 164வது பிரிவின்படி, 1885ஆம் வருடத் தந்திச் சட்டத்தில் தந்தித் துறைக்கு இருந்த அதிகாரங்களை ஒரு மின் நிறுவனத்துக்கு அரசு ஆணை போட்டுக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்துவிட்டால் நில உரிமையாளரின் முன் ஒப்புதல் தேவையில்லை. சத்தீஸ்கரில் ஒரு சிமெண்ட் நிறுவனத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்க நிலத்தின் மேல் மத்திய அரசின் பவர்கிரிட் நிறுவனத்தின் லைன் போன வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 3வது விதியின் கடைசியிலும், இந்த விதி 164வது பிரிவு அதிகாரத்தைப் பாதிக்காது என்று எழுதியிருக்கிறது. அதனால் உங்கள் லைன் எந்த அதிகாரத்தில் போடப்பட்டது, 3வது விதியிலா 164வது பிரிவிலா என்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி. வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்பதே இல்லை. "எங்கள் கட்சிக்காரர் நிலத்தில் அத்துமீறி" என்று ஆரம்பிக்கும் நோட்டீஸ் வரும், அதற்கு "பொது நலன் கருதி" என்று ஒரு பதில் போகும், இரண்டு வருடம் இப்படியே ஓடிவிடும்.

ஆக அத்துமீறலா இல்லையா என்பதற்குக் கம்பம் நிற்பது சான்று ஆகாது. கோப்பில் ஒரு காகிதம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் சான்று. ஒப்புதல் கடிதமோ, ஆட்சியர் உத்தரவோ, 164வது பிரிவின் கீழ் அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் கொடுத்த அரசாணையோ இருக்க வேண்டும். மூன்றுமே இல்லையென்றால் உங்கள் நிலத்தில் அது சட்டப்படி நிற்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அரசியலமைப்பின் 300ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்கிறது, உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனு போகிறவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காகிதத்தைத் தேடுவதற்கு முன்னால், தயவுசெய்து நிலத்தை அளந்துவிடுங்கள். ஒரு வழக்கு இன்னும் என் கண்முன் நிற்கிறது. எட்டு வருடம் நடந்தது. கடைசியில் இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீல் கமிஷனரைக் கோர்ட் நியமித்தது, அவரோடு தாலுகா சர்வேயர் எஃப்.எம்.பி. என்னும் புல அளவை வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வெயிலில் நாங்கள் எல்லோரும் நிற்க, தெருமுனையில் இருந்த பழைய எல்லைக்கல்லை மண்ணைத் தோண்டி எடுத்து அங்கிருந்து சங்கிலி பிடித்தார்கள். கம்பத்தின் அடிப்பக்கம் மனை எல்லைக்கு வெளியே ஒன்றரை அடி தள்ளி, இருபது அடி ரோட்டில் நின்றது. அந்தத் தெருவே காம்பவுண்டு கட்டும்போது ரோட்டுக்குள் நகர்ந்திருந்தது. வழக்குப் போட்ட பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு வருடக் கோர்ட் செலவு அவருடையது. தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி ஒரு அளவை மனு முன்பே கொடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். உங்கள் மனையில் கம்பம் மூலையில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், மூலை என்பதாலேயே எனக்கு இந்தச் சந்தேகம். கம்பம் ரோட்டில் நின்றாலும் கம்பிகள் மனைக்கு மேலே போவது தனி விஷயம், அதற்கும் 3வது விதி பொருந்தும், ஆனால் மனுவில் எழுதுவது அளவோடு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது தேதி. நீங்கள் 2016ல் வாங்கியதும் லைன் 2023ல் வந்ததும் உண்மையானால், ஒப்புதல் கொடுக்கக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வருடத்தை நம்பி எதையும் செய்ய வேண்டாம். பல லேஅவுட்டுகளில் நடப்பது என்னவென்றால், தோட்டமாக இருந்த காலத்திலேயே பம்ப்செட்டுக்காக லைன் போயிருக்கும், மனை பிரித்து விற்றவர் அப்போதே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார், பிற்பாடு பழைய கம்பத்தை மாற்றிப் புதுக் கம்பம் நட்டதைப் பார்த்துவிட்டு "புதிதாகப் போட்டார்கள்" என்று ஊர் நினைத்துக்கொள்ளும். நகர ஊரமைப்புத் துறை அங்கீகரித்த வரைபடம் உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் லைன் கோடு காட்டியிருந்தால் நீங்கள் தெரிந்தேதான் வாங்கினீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். இல்லையென்றால் அதுவே உங்களுக்குப் பலம். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் திருப்பிப் பார்க்கலாம், கம்பி தெரியாது, ஆனால் சில இடங்களில் கம்பத்தின் நிழல் தெரியும்.

காகிதத்தைக் கேட்கும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, கோட்டச் செயற்பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் போட்டீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த லைனுக்கான ஒப்பளிக்கப்பட்ட மதிப்பீட்டின் நகல், லைன் செல்லும் பாதையின் வரைபடம், பணி ஆணை, மின்னேற்றம் செய்த (லைனில் முதலில் மின்சாரம் விட்ட) தேதி, இன்ன சர்வே எண்ணுக்கான உரிமையாளர் ஒப்புதல் கடிதம், 3வது விதியின் கீழ் பெற்ற உத்தரவு, 164வது பிரிவின் கீழ் அதிகாரம் இருந்தால் அந்த அரசாணை. முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "அப்படிப்பட்ட ஆவணம் இந்த அலுவலகத்தில் இல்லை" என்று ஒரு வரி வந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வழக்கில் அதைவிட மதிப்புள்ள காகிதம் வேறு இருக்காது. நான் போட்ட லைன் ஒன்றின் வழக்கில் அப்படி ஒரு வரியைக் குறுக்கு விசாரணையில் காட்டியபோது எங்கள் தரப்பு வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்ததை நான் மறக்கவில்லை. அந்த லைனுக்கு ஒப்புதல் இருந்தது, ஆனால் வாய்மொழியாக. தோட்டத்துக்காரர் டீ வாங்கிக் கொடுத்து "போட்டுக்கங்க சார், ஊருக்குத்தானே" என்று சொன்னார், நானும் எழுதி வாங்கவில்லை. அவர் காலமான பிறகு மகன் வழக்குப் போட்டார். மகன் மேல் தப்பு இல்லை, எழுதி வாங்காதது என் தப்பு.

இனி, எடுக்க வைக்க முடியுமா. இங்கேதான் பலரும் நேராகச் சிவில் கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள், நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். 3வது விதியிலேயே இன்னொரு வாசல் இருக்கிறது. ஏற்கெனவே போட்ட லைனாக இருந்தாலும், உரிமையாளர் போதுமான காரணம் காட்டினால், அந்த வேலையையோ, கம்பத்தையோ, ஸ்டேயையோ அகற்றவோ மாற்றவோ சொல்லி ஆட்சியர் எழுத்து மூலம் உத்தரவிடலாம். விதியிலேயே ஸ்டே என்று பெயர் சொல்லி இருக்கிறது. எந்த நேரத்திலும் என்றும் இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த வாசலைத் தட்டியவர்கள் மிகக் குறைவு, தட்டியவர்களும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு பக்க மனு கொடுத்துவிட்டுப் போனவர்கள், அந்த மனு திரும்ப அதே பிரிவு அலுவலகத்துக்கே "உரிய நடவடிக்கைக்கு" என்று வந்து சேரும். அப்படி இல்லாமல், "உரிமதாரர் பணிகள் விதிகள் 2006, விதி 3ன் கீழ் மனு" என்று தலைப்பிட்டு, அளவை வரைபடம், பத்திரம், பட்டா, தகவல் அறியும் சட்டப் பதில், மாற்றுப் பாதையைக் காட்டும் ஒரு படம் எல்லாவற்றையும் இணைத்து, விசாரணை நடத்தி உத்தரவிடும்படி கேட்டு சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முடிவு எடுக்காமல் கிடப்பில் போட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அந்த மாதிரிச் சின்ன உத்தரவை வாங்குவது, "லைனை எடு" என்று வாங்குவதைவிட மிகச் சுலபம்.

போதுமான காரணம் என்றால் என்ன காட்டுவது? பாதுகாப்பு இடைவெளியைக் காட்டுங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010ல் வந்து 2023ல் புதுப்பிக்கப்பட்டன. 11 கிலோவோல்ட் லைன் கட்டடத்துக்கு மேலே போனால் கட்டடத்தின் மிக உயர்ந்த பகுதியிலிருந்து 3.7 மீட்டர், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் விலகி இருக்க வேண்டும். உங்கள் மனையில் இதைப் பொருத்திப் பார்ப்போம். இங்கே எச்.டி. (உயர் மின்னழுத்த) லைனுக்கு வழக்கமாக நடும் சிமெண்ட் கம்பம் 9.14 மீட்டர் நீளம், அதில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடும், மேலே நிற்பது சுமார் 7.6 மீட்டர். தரைத்தளம் மட்டும் கட்டினாலும் அடிமானம் இரண்டு அடி, கூரை பத்தடி, கைப்பிடிச் சுவர் மூன்றடி என்று 4.5 மீட்டர் ஆகிவிடும். அதோடு 3.7 கூட்டினால் 8.2. கம்பத்தின் உச்சியிலேயே அந்த உயரம் கிடையாது, நடுவில் கம்பி தொய்ந்து இன்னும் கீழே இருக்கும். தொய்வு எல்லா நேரமும் ஒரே அளவில் இருக்காது என்பதையும் கவனியுங்கள், சித்திரை வெயிலில் மத்தியானம் இருக்கும் தொய்வு மார்கழிக் காலையில் இருக்காது, கணக்கில் எடுக்க வேண்டியது அதிகபட்சத் தொய்வை. ஆக அந்த லைன் அங்கே இருக்கும்வரை அதற்குக் கீழே ஒரு தளம்கூடச் சட்டப்படி கட்ட முடியாது. ஆட்சியர் முன்னால் இதை எண்களோடு வைத்தால், "கம்பம் இரண்டு சதுர அடிதான் எடுத்திருக்கிறது" என்ற வழக்கமான பதில் அங்கே எடுபடாது. மூன்று கம்பிகளின் அகலம் ஒரு மீட்டர் சொச்சம், இருபுறமும் 1.2 மீட்டர், மொத்தம் மூன்றரை மீட்டர் பட்டை என்று வையுங்கள். நாற்பதடி நீளத்துக்கு அது கிட்டத்தட்ட 460 சதுர அடி. 2400ல் ஐந்தில் ஒரு பங்கு போகிறது.

இதை அளக்கிறேன் என்று நீங்கள் இறங்காதீர்கள். அலுமினியப் பட்டையோ, இரும்பு டேப்போ, ஈர மூங்கிலோ அந்த உயரத்துக்குப் போகவே கூடாது, 11 கிலோவோல்ட்டில் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை, நெருங்கினாலே போதும். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டால் அவர்களே அளந்து கொடுப்பார்கள், இல்லையென்றால் தரையிலிருந்தே அளக்கும் ஒலி அலைக் கருவி வைத்திருக்கும் லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரரை வைத்து அளக்கலாம்.

சிவில் வழக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்புதலும் இல்லை, உத்தரவும் இல்லை என்று உறுதியானால், அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை (இதைச் செய்தே ஆக வேண்டும் என்று கோர்ட் போடும் உத்தரவு) கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் இரண்டு தடைகளை மனதில் வையுங்கள். ஒன்று, குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் 2018ல் ஒரு திருத்தம் வந்தது. உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் அல்லது அதன் சேவையைத் தடைசெய்யும் வகையில் உறுத்துக் கட்டளை கொடுக்கக் கூடாது என்கிறது, அதன் அட்டவணையில் மின் கடத்தலும் விநியோகமும் இருக்கின்றன. ஒரு தெருவுக்குப் போகும் 11 கிலோவோல்ட் கிளை லைனை நூறடி தள்ளி வைப்பது "சேவையைத் தடை செய்வது" ஆகுமா என்பது வாதத்துக்குரியது, ஆகாது என்பதே என் கருத்து, ஆனால் அந்த வாதம் நிச்சயம் வரும். இரண்டாவது, தாமதம். லைன் போடும்போதே ஆட்சேபித்தவருக்கும் ஐந்து வருடம் சும்மா இருந்தவருக்கும் கோர்ட் ஒரே பார்வை பார்ப்பதில்லை, அதிலும் உங்கள் வீட்டு இணைப்பே அந்த லைனிலிருந்து வருகிறது என்றால் சங்கடம் அதிகம். நீங்கள் ஊரில் இல்லை என்பதைப் பாஸ்போர்ட், வேலை ஆவணங்களோடு காட்டுங்கள். இன்றைக்கே ஆட்சேபணைக் கடிதம் ஒன்று அனுப்பிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

போலீஸில் புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329வது பிரிவில் வரும் குற்ற அத்துமீறலுக்குக் குற்றம் செய்யும் நோக்கமோ, மிரட்டும், அவமதிக்கும், தொல்லை கொடுக்கும் நோக்கமோ வேண்டும். வேலை ஆணையோடு வந்து கம்பம் நட்ட லைன்மேன் மேல் அந்த நோக்கத்தைக் காட்ட முடியாது. மாதம் முழுக்க வெயிலில் கம்பம் ஏறுகிறவர்கள் அவர்கள், பாதையை முடிவு செய்தவர்கள் அல்ல. அதேபோல் கோபத்தில் ஸ்டே கம்பியை அறுத்துவிடாதீர்கள். மின்சாரச் சட்டத்தின் 140வது பிரிவு தண்டனை இருக்கிறது, அதைவிட, ஸ்டே போன கம்பம் அடுத்த காற்றுக்கு எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது, கீழே போகிறவர் யாராகவும் இருக்கலாம்.

இப்போது பணம். மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதுதான் இந்த விஷயத்திலேயே உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின்படி லைனை மாற்றக் கேட்பவர் மதிப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், பிரிவு அலுவலகம் உங்களிடம் சொன்னது இதைத்தான், அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த விதி, சட்டப்படி நிற்கும் லைனை ஒருவர் தன் வசதிக்காக மாற்றக் கேட்கும் நிலைமையை மனதில் வைத்தது என்பது என் புரிதல். ஒப்புதல் இல்லாமல் போட்ட லைனுக்கும் அதையே பொருத்தினால் தவறு செய்தவர் செலவைத் தவறு நடந்தவர் கட்டுவதாகிவிடும். நீதிமன்ற உத்தரவுகள் இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன, கேட்பவரே கட்ட வேண்டும் என்றும், அனுமதி இல்லாமல் போட்டதால் நிறுவனமே தன் செலவில் மாற்ற வேண்டும் என்றும். எந்தப் பக்கம் போகிறது என்பது பெரும்பாலும் அந்த ஒப்புதல் காகிதத்தைப் பொறுத்தே இருக்கிறது. வீடு கட்ட அவசரம், காத்திருக்க முடியாது என்றால், கட்டுங்கள், ஆனால் "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையோடு இந்தத் தொகையைச் செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமையை வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்து அதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு கட்டுங்கள். எஸ்டிமேட்டையும் வரிவரியாகப் படியுங்கள். ரோட்டோரமாக இரண்டு கம்பம் நட்டு முடிக்கக்கூடிய வேலைக்குத் தெரு முழுக்க மாற்றும் மதிப்பீடு போட்டிருந்தால் திருத்தித் தரச் சொல்லலாம், நான் பார்த்த பல எஸ்டிமேட்டுகளில் மாற்றுப்பாதையை நிலத்தில் நடந்து பார்க்காமலே போட்டிருந்தார்கள்.

மாற்றவே முடியாது, லைன் அங்கேயேதான் இருக்கும் என்றானால் நஷ்டஈடு உண்டு. 67வது பிரிவிலேயே, சேதமும் தொல்லையும் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், ஏற்பட்டதற்கு முழு நஷ்டஈடு தர வேண்டும் என்று இருக்கிறது. 3வது விதியின் கீழ் ஆட்சியர் உத்தரவிடும்போது நஷ்டஈட்டையோ, வருட வாடகையையோ, இரண்டையுமோ நிர்ணயிக்க வேண்டும், அதை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் திருத்தலாம். வருட வாடகை என்ற சொல் விதியில் இருப்பதே பலருக்குத் தெரியாது, மனுவில் அதையும் கேளுங்கள். எவ்வளவு கேட்பது என்பதற்கு, 2007ல் கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் உதவும்: நிலம் எங்கே இருக்கிறது, லைன் எவ்வளவு தூரம் அதன் மேல் போகிறது, ஓரமாகப் போகிறதா நடுவில் போகிறதா, நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்தது. 2400 சதுர அடி வீட்டு மனைக்குக் குறுக்கே போவதும் ஐந்து ஏக்கர் தோட்டத்தின் ஓரத்தில் போவதும் ஒன்றல்ல என்பதை அந்தத் தீர்ப்பை வைத்தே வாதாடலாம்.

இணையத்தில் பலர் பகிரும் "85 சதவீதம், 15 சதவீதம்" என்ற கணக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது மத்திய மின்துறை அமைச்சகம் 2015 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல், 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள கோபுர லைன்களுக்கு. கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவே உள்ள நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை முறையே 200, 30 சதவீதமாக உயர்த்தினார்கள். மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் மாநில லைன்களுக்குப் பொருந்தும். உங்கள் 11 கிலோவோல்ட்டுக்கு இரண்டுமே பொருந்தாது. ஆனால் கொங்குப் பக்கம் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராகப் போராடியவர்கள் போல, 110 அல்லது 230 கிலோவோல்ட் லைனில் மாட்டியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே தந்திச் சட்ட அதிகாரம் இருப்பதால் அத்துமீறல் என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், அவர்களுக்குத் தந்திச் சட்டத்தின் 10வது பிரிவின்படி பயன்படுத்தும் உரிமை மட்டும். நீங்கள் தடுத்தால் அதே சட்டத்தின் 16வது பிரிவின்படி ஆட்சியர் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும், அந்த விசாரணையில் மாற்றுப்பாதையை வலியுறுத்துங்கள், அதுதான் உங்களுக்கான நேரம். தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு. இதற்கு மூன்று வருடக் காலவரம்பு உண்டு என்று 1976லேயே இன்னொரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது, மரம் வெட்டியதற்கு நஷ்டஈடு கேட்டவர் தாமதத்தால் தோற்றார். பிற்பாடு வீடு கட்ட லைனை நகர்த்தவோ உயர்த்தவோ வேண்டுமென்றால் அதே சட்டத்தில் 17வது பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே நஷ்டஈடு வாங்கியிருந்தால், மாற்றும் செலவு அல்லது வாங்கிய நஷ்டஈட்டில் பாதி, இதில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

பன்னிரண்டு வருடம் ஆனால் நிலம் அவர்களுக்குப் போய்விடும் என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கம்பி போவதால் நிலம் யாருக்கும் போகாது, அவர்கள் சொந்தம் என்று கோருவதே இல்லை. ஆனால் நஷ்டஈட்டுக்கு மூன்று வருடக் கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டே செயல்படுங்கள். 2023ல் போட்டது உண்மையானால் உங்களுக்கு இருக்கும் நேரம் கொஞ்சம்தான்.

இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாதது, உங்கள் கம்பம் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதும், அந்தக் கோப்பில் யாருடைய கையெழுத்தாவது இருக்கிறதா என்பதும். இந்த வாரம் ஆட்சேபணைக் கடிதம், அளவை மனு, தகவல் மனு மூன்றையும் போட்டுவிடுங்கள். லைனுக்குக் கீழே அஸ்திவாரம் தோண்டுவதை மட்டும் நிறுத்தி வையுங்கள், கட்ட ஆரம்பித்துவிட்டால் இடைவெளியை மீறியவர் நீங்கள் என்று கதை திரும்பிவிடும். பதில் வந்ததும் அதில் ஒப்புதல் கடிதம் இருந்ததா, இருந்தால் என்ன தேதி, யார் பெயர் என்று இங்கேயே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஆட்சியருக்கான மனுவில் எதை முதலில் வைப்பது என்று சொல்கிறேன்.